இரண்டு நாட்டு மரமும் ஒரு வீடும்

"அண்ணை, பின்லாந்துப் பைன் திறமோ, நியூசிலாந்துப் பைன் திறமோ? ஒரு சொல்லில சொல்லுங்கோ."

சென்ற மாதம் தொலைபேசியில் இப்படிக் கேட்டவர், வவுனியாவில் நான் வேலை செய்த, வீட்டு மரம் விற்கும் மரக்காலையை இப்போது நடத்தும் தம்பி. வெளிநாட்டு மரம் இறக்க மீண்டும் வழி பிறந்திருக்கிறது. எந்த நாட்டுக்கு ஓடர் கொடுப்பது என்று அவர் முடிவெடுக்க வேண்டும். ஒரு சொல்லில் சொல்லத் தெரியாது என்றேன். "அப்ப ஒரு பக்கத்தில எழுதித் தாங்கோவன்" என்றார். ஓமந்தையில் தனியே இருக்கிறவனுக்குப் பின்னேரங்கள் நீளமானவை. எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் முடியவில்லை.

நான் மரம் பார்க்கப் பழகியது கொழும்பில், துறைமுகத்துக்கு அண்மையில் இருந்த ஒரு களஞ்சியத்தில். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கப்பலில் இறங்கிய கட்டுகளைப் பிரித்தோம், பார்த்தோம், அடுக்கினோம். பிறகு ஊருக்குத் திரும்பினேன். சண்டைக்காலத்தில் வன்னிக்குள் இறக்குமதி மரம் என்ற பேச்சே இல்லை. முதிரை, பாலை, பனை என்று உள்ளூர் மரங்களெல்லாம் பதுங்குகுழிகளுக்கு மூடியாகப் போயின. 2002இல் சண்டை ஓய்ந்து பாதை திறந்தபின் அந்த மரக்காலை தொடங்கியது. மரம் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தேன். இடையில் மறுபடி சண்டை, மறுபடி இடப்பெயர்வு. அதெல்லாம் முடிந்து சனம் ஊர் திரும்பிக் கூரை தேடத் தொடங்கிய காலத்தில்தான் எங்கள் வேலை உண்மையில் தொடங்கியது.

மரக்காலையின் பெரிய கொட்டகைக்கு இரண்டு நீளச் சுவர்கள். கிழக்குச் சுவரோடு பின்லாந்து மரம், மேற்குச் சுவரோடு நியூசிலாந்து மரம். வாளறுக்கும் தூசி ஓயாமல் பறந்து சுவரில் படியும். மரம் அடுக்கிய உயரம்வரை தூசி படாது, சுண்ணாம்பு வெள்ளையாகவே இருக்கும். அடுக்கை எடுத்ததும் அந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். கோட்டுக்குப் பக்கத்தில் வருடத்தைக் கரிக்கட்டியால் எழுதி வைப்பது என் பழக்கம். நடந்ததை நாள் தவறாமல் குறித்துவைக்கும் ஆசை எனக்கு இளமையிலேயே உண்டு. வீட்டில் அதற்குக் கொப்பிகள், வேலையில் அந்தச் சுவர்கள்.

தொடக்கத்தில் கிழக்குக் கோடு என் தலைக்கு மேலே, மேற்குக் கோடு முழங்காலளவில். மீள்குடியேற்ற வீடுகள் எழும்பத் தொடங்கியபோது இரண்டும் நெஞ்சளவில் எதிரெதிரே நின்றன. பிறகு மேற்கு ஏற ஏறக் கிழக்கு இறங்கியது. காரணம் பெரிய மர்மமல்ல. பின்லாந்தில் குளிர். மரம் மெல்ல வளரும், விலையும் கூடுதல். நியூசிலாந்தில் மரம் கெதியாக வளரும். அங்கிருந்து எங்களுக்கு வந்தது கறையானுக்கு மருந்தேற்றிய மரம், இலேசான பச்சைச் சாயலோடு. வாங்குகிறவர்கள் அதைத்தான் கேட்டார்கள். கடைசியில், நாட்டில் டொலர் இல்லாமல் போன வருடம், இரண்டு சுவரிலும் தூசி தரைவரை படிந்தது. நான் ஓய்வு பெற்றதும் அந்த வருடந்தான். அன்று எழுதுவதற்குக் கோடு இருக்கவில்லை.

இனி மரம் பார்க்கும் முறை. கட்டைப் பிணைத்திருக்கும் தகட்டுப் பட்டியை வெட்டும்போது முகத்தை விலக்கிக்கொள்ள வேண்டும், அது பாம்புபோல எழும்பும். முதலில் பார்ப்பது மரத்தின் தலைப்பை. அறுத்த முகத்தில் வளையங்கள் தெரியும். பெருவிரலை வைத்தால் பின்லாந்து மரத்தில் விரலுக்கடியில் வளையங்கள் நெருக்கியடித்து நிற்கும், நியூசிலாந்து மரத்தில் நல்ல இடைவெளி விட்டு நிற்கும். பிறகு ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் மரத்தில் குத்தி ஈரம் பார்க்க வேண்டும். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்க்க வேண்டும், வளைவோ முறுக்கோ உண்டா என்று. கடைசியாக ஒரு முனையைத் தூக்கிச் சீமெந்துத் தரையில் விழவிட்டுச் சத்தம் கேட்க வேண்டும். வெடிப்பிருந்தால் மரம் சொல்லிவிடும்.

எங்கள் மனேஜர் நடராசா ஐயாவுக்கு இவை போதாது. அவர் மரத்தை மூக்கருகே வைத்து மணந்து பார்ப்பார். அலுவலகக் கதிரையில் அவர் இருந்து நான் கண்டது குறைவு. கட்டின்மேல் ஏறி இருந்துகொண்டுதான் வேலை நடத்துவார். "இல்லை" என்ற சொல் அவர் வாயில் வராது. யாராவது ஏதாவது கேட்டால் பால் விடாத ஒரு பிளேன்ரீ கொண்டுவரச் சொல்வார். கேட்டவர் கதைத்து முடிக்கும்வரை குடிப்பார். கிளாஸ் வெறுமையானால் சம்மதம். பாதியோடு கீழே வைத்தால் முடியாது. மரக்காலை முழுக்க இது தெரியும். லீவு கேட்கப் போகிறவனுடைய கூட்டாளிகள் யன்னலால் கிளாஸையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அவரிடம் மாற்ற முடியாத சட்டம் ஒன்று இருந்தது. ஒரு கூரைக்கு ஒரு நாட்டு மரம். இரண்டு நாட்டு மரத்தையும் ஒரே கூரையில் கலந்தால் மழைக்கு ஒன்று கூடுதலாக ஊதும், வெயிலுக்கு மற்றது கூடுதலாகச் சுருங்கும். சில மாரிக்காலம் போனால் கூரை அலையடிக்கும், ஓடு வழுகும். ஓட்டைத் தாங்கும் ஒற்றைச் சலாகை குறைந்தாலும் மற்ற நாட்டு மரத்தால் நிரப்ப விடமாட்டார்.

அந்தச் சட்டம் ஒரே ஒரு முறை ஆட்டங்கண்டது, முரசுமோட்டையில், பாக்கியம் அக்காவின் வீட்டில்.

பாக்கியம் அக்கா மலையகத்திலிருந்து வந்தவர். எழுபதுகளின் கலவரத்துக்குப் பிறகு கணவரோடு தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து, முரசுமோட்டை வயல்களில் கூலிவேலை செய்தவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் வவுனியாவில் கலியாணம் செய்து இருந்தார். வீட்டுத்திட்டமொன்றில் அக்காவின் பெயர் கடைசிப் பட்டியலில்தான் வந்தது. குடும்பங்கள் முதலில், தனியாள் பிறகு என்பது ஒழுங்கு. "தனியாளுக்கு வீடு எதுக்கும்மா, எங்களோட வந்து இருங்க" என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா போகவில்லை. சுவர் எழும்பிவிட்டது. எங்களிடமிருந்து பின்லாந்து மரம் ஒரு கூரைக்கு அளவாகப் போனது ஆவணி மாதத்தில். கிழக்குச் சுவரோடு அப்போது இருந்த கடைசி அடுக்கு அது. மாரிக்குமுன் கூரை ஏறாவிட்டால் சீமெந்துக் கல்லுச் சுவர் மழையில் ஊறும். திட்டம் அந்த வருடத்தோடு முடிகிறது. அந்த வீடு கணக்கிலிருந்து விழும். அக்கா மகள் வீட்டுக்குப் போவதைத் தவிர வேறு வழியிருக்காது.

புரட்டாதி தொடங்கியதும் திட்டத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். "வீட்டில மரத்தைக் காணேல்லை. வித்துப்போட்டா போல கிடக்கு. மேலிடத்துக்கு எழுத முதல் உங்களிட்ட ஒருக்காச் சொல்லுவமெண்டு எடுத்தனான்." மனேஜர் ஐயா என்னையும் லொறிக்காரன் தங்கனையும் அனுப்பினார்.

போய்ச் சேர்ந்தபோது பாக்கியம் அக்கா தறப்பாள் விரிப்பால் மூடிய கொட்டிலுக்கு வெளியே நெல் புடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மரம் எங்க?"

"குளிச்சிக்கிட்டு இருக்குங்கய்யா" என்று வீட்டு வளவின் பின்பக்கம் ஓடிய வாய்க்காலைக் காட்டினார்.

போய்ப் பார்த்தேன். கைமரமும் சலாகையும் முகட்டு வளையும் என்று ஒரு கூரையின் முழு மரமும் தண்ணீருக்குள் கிடந்தது. மேலே கற்கள். கற்கள் போதாமல் ஓர் அம்மி, ஓர் உரல், உடைந்த ஆட்டுக்கல்லின் பாதி.

"மெதக்குதுங்க" என்றார் அக்கா, என் பின்னாலேயே வந்து. "நம்ம ஊரு மரம்னா தண்ணிக்குள்ள போட்டதும் அடியில போயி படுத்துக்கும். இது எந்திரிச்சு எந்திரிச்சு வருது. ஊருல பாதிக் கல்ல நான்தான் தூக்கிட்டு வந்து வச்சிருக்கேன்."

"பின்லாந்தில நீச்சல் பழகியிருக்கும், அக்கா" என்றான் தங்கன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆர் அக்கா உங்களை இதை ஊறப்போடச் சொன்னது?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "யாரு சொல்லணும்? முரசுமோட்டையில வீடு கட்டுனவங்க எல்லாரும் மரத்த ஊறப்போட்டுத்தானே கட்டுனாங்க? எங்க வீட்டுக்காரரு எத்தன வீட்டு மரத்த இதே வாய்க்கால்ல எறக்கி ஏத்தியிருக்காரு தெரியுமா? இடுப்பளவு தண்ணியில நிப்பாரு. நான் கரையில நின்னு கயிறு புடிப்பேன். அவங்க வீட்டுக்கெல்லாம் செஞ்சத எங்க வீட்டுக்குச் செய்ய வேணாமா?"

அவர் சொன்ன வழக்கம் பிழையானதல்ல. எங்கள் காட்டு மரத்தைத் தறித்துச் சில காலம் தண்ணீரில் போட்டால் மரத்திலுள்ள மாப்பொருள் கரைந்து போகும். பிறகு வண்டு அண்டாது. ஆனால் இது சூளையில் வைத்து, ஈரம் போக்கி, கடல் கடந்து வந்த மரம். அதை வாய்க்காலில் போடுவது, செய்து முடித்த வேலையைத் தலைகீழாக அவிழ்ப்பது. அவருக்கு அதை எப்படிச் சொல்வது? தோட்டத்து லயத்து அறையில் பிறந்து, பிறருடைய வீட்டு மரங்களுக்குக் கயிறு பிடித்து, முதன்முதலாகத் தனக்கென்று வரும் கூரைக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது என்று செய்த காரியம் அது.

"ஊறினது காணும், அக்கா. இனி எடுப்பம்" என்று மட்டும் சொன்னேன்.

நாங்கள் இருவரும், அயலில் வயல் வேலைக்கு நின்ற சிலரும் சேர்ந்து மரத்தைக் கரையேற்றினோம். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். வேப்பமர நிழலில் அடியில் கல் வைத்து, வரிக்கு வரி இடைக்கட்டை கொடுத்து, காற்றுப் போக அடுக்கி, முறுக்காமலிருக்க மேலே பாரம் ஏற்றினோம். அம்மியும் உரலும் மறுபடி மேலே ஏறின. பின்னேர வெயில் ஒரு பக்கத்தால் விழுந்தது. அக்கா போய்த் தன் கொட்டிலின் பாதித் தறப்பாளைக் கழற்றிக் கொண்டுவந்து மறைப்புக் கட்டினார்.

"நீங்கள் எங்க படுப்பியள்?" என்றேன்.

"மிச்சப் பாதியில. நான் என்ன பத்துப் பேரா?"

புரட்டாதிக் கடைசியில் மறுபடி போய் ஒவ்வொரு மரமாக எடுத்துப் பார்த்தேன். பெரும்பகுதி நேராகவே காய்ந்திருந்தது. சிலவற்றில் நீலக்கறை, அதனால் பலம் குறையாது. ஆனால் ஒரு பகுதி கயிறு திரித்தாற்போல முறுகிவிட்டது. அதைக் கழித்தால் மிச்சம் ஒரு கூரைக்குக் காணாது. கிழக்குச் சுவர் வெறுமை. அடுத்த கப்பல் எப்போதென்று தெரியாது. மேற்குச் சுவரோடு நியூசிலாந்து மரம் நெஞ்சுக்கு மேலே நின்றது, ஆனால் ஐயாவின் சட்டம் இருந்தது.

மனேஜர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். பிளேன்ரீ வந்தது. நான் கதைத்து முடித்தபோது கிளாஸ் பாதியில் நின்றது. அதை அவர் கீழே வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"பாதித் தறப்பாளையோ கழட்டிக் குடுத்தவா?"

"ஓம் ஐயா."

"நாளைக்கு லொறியில நானும் வாறன்."

அவர் வேலைத்தலத்துக்கு வருவது அபூர்வம். மறுநாள் உத்தியோகத்தரும் வந்திருந்தார். ஐயா சுவரைச் சுற்றி நடந்தார். சமையல் செய்யும் குசினிக்கும் பெரிய அறைக்கும் இடையிலிருந்த குறுக்குச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். அடுக்கிலிருந்த மரமொன்றை எடுத்து மணந்தார். பிறகு அந்த அடுக்கின்மேலேயே ஏறி இருந்தார்.

அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். இஞ்சி தட்டிப் போட்ட, மலைநாட்டுக்காரர் கைப்பக்குவத்துத் தேத்தண்ணி. தங்கன் என்னை இடித்தான். இருவரும் கிளாஸைப் பார்த்தோம்.

"தம்பி" என்று உத்தியோகத்தரிடம் கேட்டார் ஐயா, "இந்தக் குறுக்குச் சுவரைக் கொஞ்சம் உசத்தினால், குசினிக்கு வேறயா ஒரு கூரை இறக்கலாமோ?"

"பிளானில ஒரே கூரைதான் ஐயா."

"அது தெரியும். நிக்குமோ எண்டுதான் கேக்கிறன்."

 உத்தியோகத்தர் சீமெந்துப் பையொன்றின் கடுதாசியைக் கிழித்து மடியில் வைத்துக் கீறத் தொடங்கினார். பெரிய அறைக்கு நீளம் குறைந்த கூரை. இடையில் உயர்ந்த சுவர். அதற்கப்பால் குசினிக்குத் தாழ்வாக, தனியாக ஒன்று. "நிக்கும்" என்றார். "மேலிடத்தில நான் கதைக்கிறன். கூரை ரெண்டெண்டு ஒருத்தரும் கோவிக்கமாட்டினம். இல்லையெண்டாத்தான் கோவிப்பினம்."

"அப்ப பெரிய அறைக்குப் பின்லாந்து. குசினிக்கு நியூசிலாந்து" என்றார் ஐயா. "ஒரு கூரைக்கு ஒரு நாட்டு மரம்."

பாக்கியம் அக்கா வாயில் கைவைத்தார். "நான் ஒருத்தி. எனக்கு ரெண்டு கூரையாங்கய்யா? ஊரு சிரிக்காதா?"

"வடக்கும் தெற்கும் ஒரு கூரைக்குள்ள ஒத்துப்போகாதாம், அக்கா. மனேஜரே சொல்லிப்போட்டார்" என்றான் தங்கன்.

நடராசா ஐயா வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்டது அன்றுதான். கிளாஸை வெறுமையாக்கினார். "இன்னும் இருக்கோ, பிள்ளை?" என்று நீட்டினார்.

பின்லாந்து மரத்துக்கு மருந்தில்லை என்பதால் கறையான் எண்ணெய் பூசினோம். முகட்டு வளையில் மாவிலை கட்டித் தச்சு ஓடாவி ஏற்றினார். ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டியபோது இரண்டு கூரையும் ஓடு போட்டு முடிந்திருந்தன.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புரட்டாதியிலும் முரசுமோட்டைக்குப் போய்வருவேன். இரண்டு நாட்டு மரமும் ஒரே வெயிலிலும் ஒரே மழையிலும் அருகருகே நிற்கும் வேறொரு வீடு எனக்குத் தெரியாது. அதைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொள்வேன். மனைவி காலமான பிறகும் போனேன், ஓய்வு பெற்ற பிறகும் போகிறேன். நடராசா ஐயாவும் இப்போது இல்லை. நோர்வேயிலிருக்கும் மகள் ஞாயிறு தோறும் கூப்பிடுவாள். "அப்பா, உங்கட பைன் மரத்திலதான் எங்கட வீடு முழுக்க. ஒருக்கா வந்து பாருங்கோவன்." மாரி முடியட்டும், கூரையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பேன். இப்படியே பல மாரி முடிந்துவிட்டது.

மரக்காலைத் தம்பி கேட்டதற்கு நான் கண்டது இவ்வளவுதான். இரண்டு கூரையும் நேராக நிற்கின்றன. நியூசிலாந்து மரத்தில் ஆணியடித்த சில இடங்களில் மெல்லிய வெடிப்பு. பின்லாந்து மரத்தில் அந்தப் பழைய நீலக்கறை, வேறு குறையில்லை. அதில் வண்டும் அரிக்கவில்லை. அது நாங்கள் பூசிய எண்ணெயாலா, அக்கா வாய்க்காலில் போட்டதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒரு வீட்டை வைத்துக்கொண்டு இரண்டு நாட்டுக் காடுகளுக்குத் தீர்ப்பெழுதவும் கூடாது.

இதை எழுதி முடிக்குமுன் அக்காவிடமும் ஒரு சொல் கேட்போமென்று சென்ற கிழமை போனேன். ஏணி வைத்துப் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டேன். "இவ்வளவு காலமா ரெண்டுக்கும் கீழ இருக்கிறியள். எது நல்ல மரம், அக்கா?"

"பொழுது எறங்கட்டும். இருங்க."

தேத்தண்ணி தந்தார். குறுக்குச் சுவரின் வாசற்படியில், இரண்டு கூரைக்கும் நடுவே இருந்தோம். வெயில் மங்கி, முற்றத்துச் சூடு மெல்லத் தணிந்தது. குசினிப் பக்கம் மேலே டக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. சூடு ஆறும்போது மரம் சுருங்கும் சத்தம் அது. எனக்குத் தெரியாததல்ல. நான் எழும்பப் போனேன். அக்கா கையைக் காட்டி இருத்தினார். குசினி ஓய்ந்தது. சற்றுக் கழித்துப் பெரிய அறைக் கூரையில், இன்னும் மெல்லிய குரலில், டக்.

"கேட்டீங்களா? மொதல்ல இது பேசும். அது பொறுத்திருந்து பதில் சொல்லும். தெனமும் இப்பிடித்தான். மக வீட்டுக்குப் போனா ரெண்டு நாளைக்கு மேல எனக்கு இருப்புக்கொள்ளாது. அங்க கூர ஒண்ணுதான். பேச்சே இல்ல."

"அப்ப எது நல்லதெண்டு சொல்லுங்கோவன்."

"ஒண்ணு மட்டும் இருந்தா, அது யாருகூடங்கய்யா பேசும்?"

கடைசி பஸ்ஸில் ஓமந்தைக்கு வந்தேன். என் வீட்டுக்கு மேலே கொங்கிரீட் தட்டு. நல்ல உறுதி, ஒழுக்கு இல்லை. கதிரையை நடு அறையில் போட்டு இருந்து பார்த்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை. மகளுக்கு எடுத்தேன்.

"என்னப்பா, இண்டைக்கு ஞாயிறு இல்லையே? சுகமில்லையோ?"

"சுகந்தான். உங்கட வீட்டு மரம், வெயில் மங்கேக்க சத்தம் போடுறதோ?"

"ஓம் அப்பா, சில நேரம் போடும். உங்களுக்கு எப்பிடித் தெரியும்? பொறுங்கோ, போனைச் சுவரோட வைக்கிறன்."

காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருந்தேன். மரம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது, வெகு கிட்டத்தில்.

"கேக்குதோ, அப்பா?"

"ஓம், பிள்ளை" என்றேன். "கேக்குது. எடுத்துப்போடாதை, இன்னுங் கொஞ்சம் அப்பிடியே வைச்சிரு."